ஹவாய் மங்க் சீல்: துடுப்பில் டேக்கா, முதுகில் பிளீச் எண்ணா?

ஹவாய்த் தீவுகளில் வாழும் கடல் பாலூட்டி, மங்க் சீல். வயதுவாரியாக, தீவுவாரியாக அதன் பிழைப்பு விகிதம் (எத்தனை சீல்கள் உயிரோடு எஞ்சுகின்றன என்பது) கணக்கிட, ஒவ்வொரு சீலையும் ஆண்டுதோறும் அடையாளம் காண வேண்டும். அதற்கு இரு வழி: பின்துடுப்பில் மாட்டும் எண் வில்லை (டேக்), அல்லது முதுகு ரோமத்தை வெளுத்து எழுதும் எண் (பிளீச்).

பிடிப்பது: டேக் போட, பால்மறந்த குட்டியைப் பிடித்து அமுக்கியாக வேண்டும். பிளீச் எண்ணைத் தூங்கும் சீல் மீதே எழுதிவிடலாம்.

நிலைப்பது: டேக் பல ஆண்டுகள். பிளீச் அடுத்த தோலுரிப்பு வரைதான். மேல்தோலும் ரோமமும் சேர்ந்தே உரிந்துவிடும்.

படிப்பது: பிளீச் எண் தூரத்திலிருந்தே தெரியும். டேக் எண்ணுக்குப் பின்துடுப்பு விரிய வேண்டும். மணல் அப்பியிருந்தால் அதுவும் போச்சு.

டேக்கின் உண்மையான சிக்கல் கழன்று விழுவது. விழுந்தால், உயிரோடு திரியும் சீல் கணக்கில் செத்ததாகிவிடும். பிழைப்பு விகிதம் குறைந்து தெரியும். அதனால்தான் இரு பின்துடுப்பிலும் ஒவ்வொன்று. ஆண்டுக்கு ஒரு டேக் கழல 10% வாய்ப்பு என்று வைத்தால், இரண்டும் கழல 1%தான் (ஒன்றையொன்று சாராமல் கழன்றால்). ஒற்றை டேக்கோடு திரும்புபவற்றை எண்ணி இந்த இழப்பைத் திருத்தலாம்.

வயதுவாரி விகிதம் வேண்டுமா, டேக்தான்: குட்டியில் போட்டால் வயது உறுதி. ஆளில்லாத வடமேற்குத் தீவுகளில் சில மாத ஆய்வு முகாமுக்குள் ஒரே சீலை இருமுறை எண்ணாமலிருக்க பிளீச் போதும். அடையாளத்துக்கு உதவும் உடல் தழும்புகளின் படங்களை இரண்டோடும் சேர்த்து வையுங்கள்.