'பராமரிப்பே வேண்டாம்' என்று விற்ற பூச்செடிகளில் ஒன்பதுக்கு வேரே இல்லை

என் மாதச் சம்பளத்தில் கால் பங்கைப் பன்னிரண்டு பூச்செடிகளுக்குத் தொலைத்துவிட்டு, அந்தத் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்த கையோடு இதை எழுதுகிறேன். இணையத்தில் செடி விற்கும் கடை அது. பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இதே வேலையைத் தொடர அவர்களுக்கு ஒரு நாள் போதும். அதிகம் கவனிக்க நேரமில்லாதவர்கள் எந்தப் பூச்செடிகளை வளர்க்கலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வேலை காரணமாக வாரத்தில் மூன்று நாள் நான் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே நான் கேட்டவை நித்தியகல்யாணி, காகிதப்பூ, இட்லிப்பூ, செம்பருத்தி முதலான, ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தாக்குப்பிடிக்கும் செடிகள்தான். படத்தைப் பார்த்து நான் ஏமாறவில்லை. விற்பவர் விலையைச் சொல்வதற்கு முன்பே, வெயில் எத்தனை மணி நேரம் விழும், அது காலை வெயிலா மாலை வெயிலா, தொட்டியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று வரிசையாக விசாரித்தார். காகிதப்பூவுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், மண்ணைச் சற்றுக் காயவிட்டால்தான் நன்றாகப் பூக்கும் என்றும், நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கும், நீர் தேங்கினால்தான் வேர் அழுகிச் சாகும் என்றும் அவர் சொன்னவை அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில், 'கவனிப்பே தேவைப்படாத அரிய வகை' என்று அவர் காட்டிய இரண்டு நீல ரோஜாச் செடிகளையும் சேர்த்து, முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டேன். மீண்டும் சொல்கிறேன், கால் மாதச் சம்பளம்.

பெட்டி வந்தபோது இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. உள்ளே ஓர் அச்சிட்ட தாளும் இருந்தது: செடிகளை இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும், தொட்டி மாற்றக் கூடாது, தண்டை அசைக்கவே கூடாது. நல்ல அறிவுரை என்று எண்ணி அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினேன். பத்தாம் நாள் செம்பருத்தி துளிர்த்தது. பன்னிரண்டாம் நாள் அந்தத் துளிர் தலை தொங்கியது. பதினைந்தாம் நாள் இட்லிப்பூச் செடியின் தண்டைப் பிடித்து லேசாகத் தூக்கினேன். மணலில் செருகிய ஊதுவத்தி போல அது கையோடு வந்துவிட்டது. தேங்காய் நார்த்தூள் ஒட்டியிருந்த அடிமுனையில் கத்தரிக்கோல் சாய்வாக வெட்டிய தடம் தெரிந்தது, அதைச் சுற்றிப் பட்டை கறுத்திருந்தது, நூலளவு வேர்கூட இல்லை. பன்னிரண்டில் ஒன்பது இதே கதி. வெட்டிய குச்சி தன்னுள் இருக்கும் சத்தைக் கொண்டே நிழலில் சில நாள் பச்சையாக நிற்கும், வேர் விடாமலே துளிர்கூட விடும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். செடியைத் திருப்பி அனுப்புவதற்கான கெடு ஏழு நாள். அசைக்காமல் வைக்கச் சொன்னது பதினான்கு நாள். அந்தத் தாள் யாருடைய நலனுக்காக அச்சிடப்பட்டது என்று இப்போது புரிகிறது.

நீல ரோஜாவுக்கு வேர் இருந்தது, நீலம்தான் இல்லை. மலர்ந்தே வந்திருந்த பூவின் மீது தண்ணீர் தெளித்தபோது என் விரல் நுனியில் மை ஒட்டியது. அடுத்த மொட்டு வெள்ளையாக விரிந்தது. நீலத்துக்குக் காரணமான டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயற்கையாக உருவாவதில்லை என்பதையும், மரபணுவை மாற்றி உருவாக்கி ஜப்பானில் 2009இல் விற்பனைக்கு வந்த 'நீல' ரோஜாகூட வெளிர் ஊதாதான் என்பதையும் பிறகுதான் படித்தேன். வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் தேடாதது என் தவறு. அதை நான் மறைக்கவில்லை. கவனிப்பே வேண்டாம் என்ற அந்தச் செடிகளின் இலைகளில் இப்போது கரும்புள்ளி நோய் பரவிக்கொண்டிருக்கிறது.

வாடிய செடிகளின் படத்தை அனுப்பியபோது, "தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள் சார்" என்று பதில் வந்தது. மறுநாள் கைதவறி அதே படத்தை மறுபடி அனுப்பிவிட்டேன். "தண்ணீர் போதவில்லை சார்" என்றார். வேரில்லாத அடிமுனையைக் காட்டியதற்கு, வேர் பயணத்தில் உதிர்ந்திருக்கும் என்றார். வெள்ளை ரோஜாவுக்கு, அது நிறம் மாறும் வகையாம். பணத்தைக் கேட்டதும் உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். கடைசியாக, "உங்களுக்குக் கைராசி இல்லை போலிருக்கிறது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார். பணம் செலுத்திய செயலியின் வாடிக்கையாளர் சேவையோ, கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி, என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடிவிட்டது. கால் மாதச் சம்பளம் போனவனுக்கு என்ன தீர்ந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

செடித் தேர்வைப் பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இருக்கிற எரிச்சலில் முடியவில்லை. பத்துமணிப்பூவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் ஒரு விரல் நீளம் கிள்ளி வந்து ஈர மண்ணில் செருகினால் பிடித்துக்கொள்ளும். அரளியும் எளிதில் வளரும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். எதை வாங்கினாலும் முழுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள், எந்தத் தாள் என்ன சொன்னாலும் அன்றைக்கே ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள்.

எனக்கு உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு நித்தியகல்யாணி. மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள் என்று அவர் சொன்னபடியேதான் அதற்கு இன்றைக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.