உள்வாங்கிய முகவாய்: இம்பிளான்ட்டா, எலும்பையே நகர்த்துவதா?

முதலில் பார்க்க வேண்டியது பற்களின் கடி. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி வெகுவாக முன்னே நின்றால், பின்தங்கியிருப்பது பெரும்பாலும் கீழ்த்தாடை முழுவதும்தான். அதற்குக் கிளிப் போட்டுப் பற்களை ஒழுங்குபடுத்தி, தாடையெலும்பை இருபுறமும் பிளந்து முன்னே கொண்டுவர வேண்டும். முகவாயில் மட்டும் கைவைத்தால் பக்கத்தோற்றம் மாறும், கடி அப்படியே இருக்கும்.

கடி சரியாக இருப்பவருக்குத்தான் இம்பிளான்ட்டா, முகவாய் எலும்பை மட்டும் நகர்த்தும் ஜீனியோபிளாஸ்டியா என்ற கேள்வி.

சிலிகோன் இம்பிளான்ட், அதாவது முகவாய் எலும்பின் மேல் வைக்கும் செயற்கைத் துண்டு, எளிய வழி. முகவாய்க்கு அடியில் 2–3 செ.மீ. கீறல் போதும், மரத்துப்போகும் ஊசியிலேயே முடித்துவிடலாம். குறை சிறிதாக, சில மி.மீ. அளவில் இருந்து, முகவாயின் உயரம் சரியாக இருந்தால் நன்றாகவே அமையும். அது தாடையின் கீழ்விளிம்புக் கெட்டி எலும்பின் மேல் உட்கார வேண்டும். மேலே ஏறிவிட்டால் பல்வேர்ப் பக்கத்து மெல்லிய எலும்பை அழுத்தி அரிக்கும். அதை வைக்க உள்ளே பிரிக்கும் பை போன்ற இடத்தைத் தேவைக்கு மேல் அகலமாகப் பிரித்தால் நகர்ந்து கோணிக்கொள்ளும். தொற்று பிடித்தால் பல நேரம் வெளியே எடுக்க வேண்டிவரும். எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று நம்ப வேண்டாம்; விரிந்த தசை தொங்கக்கூடும்.

ஜீனியோபிளாஸ்டியில் கீழுதட்டின் உட்புறம் கீறி, முகவாய் எலும்பைக் கிடைவாக அறுத்து, முன்னே நகர்த்தி டைட்டானியம் பிளேட்டால் பூட்டுவார்கள். முழு மயக்கம் தேவை. வெட்டுக்கோடுதான் இதில் உயிர்நாடி. உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள துளை வழியாக வெளிவருகிறது. வருவதற்கு முன் எலும்புக்குள் துளையைவிடத் தாழ்வாக வளைந்துவருவதால், துளைக்குக் கீழே 5 மி.மீ.யாவது விட்டு அறுக்க வேண்டும். கோரைப்பல் வேர் நீளமானது, அதற்கும் இடம் விட வேண்டும். தையலில், முகவாய்ச் சதையையும் கீழுதட்டையும் தூக்கிப்பிடிக்கும் மென்டாலிஸ் தசையைத் திரும்ப இழுத்துக் கட்டாவிட்டால் முகவாய்ச் சதை சரிந்து கீழ்ப்பற்கள் தெரியும். உதடு சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும். சிறு பங்கினருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. வெட்டு முடியும் இடத்தில் தாடை விளிம்பில் ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படலாம்.

இத்தனைக்குப் பிறகும், குறை பெரிதாக இருந்தாலோ முகவாய் குட்டையாகவோ கோணலாகவோ இருந்தாலோ இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். இம்பிளான்ட் முக்கியமாக முன்னே தள்ளும். ஜீனியோபிளாஸ்டி உயரத்தையும் கூட்டும், குறைக்கும், கோணலையும் நேராக்கும். உதட்டுக்குக் கீழுள்ள மடிப்பு ஏற்கெனவே ஆழமாக இருப்பவருக்கு இம்பிளான்ட் அதை இன்னும் குழியாக்கிவிடும். எலும்பைச் சற்றுக் கீழிறக்கி முன்னே வைத்தால் அந்த மடிப்பு இளகும். ஆலோசனையின்போது, பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முன்னே எத்தனை மி.மீ., கீழே எத்தனை மி.மீ. என்று தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள்.