வாராவாரமா, ஒரே மூச்சிலா?

புதுத் தொடரை வாராவாரம் பார்ப்பதா, முழுதும் வந்தபின் மொத்தமாகப் பார்ப்பதா? இரண்டும் செய்து பார்த்தாயிற்று.

நேரம்: வாராவாரம் என்றால் ஒரு மணி நேரம். மொத்தமாக என்றால் தூக்கம் போச்சு.

சஸ்பென்ஸ்: போன வாரம் கதவைத் தட்டும் சத்தத்தோடு முடித்துவிட்டார்கள். யார் என்று ஏழு நாளும் மண்டையைக் குடைந்தது. (தம்பி மேல்தான் சந்தேகப்பட்டேன். தப்பு.) மொத்தமாகப் பார்த்திருந்தால் பத்து விநாடியில் தெரிந்து, மறந்தும் போயிருக்கும்.

ஞாபகம்: கிளைக்கதை அதிகமென்றால் மொத்தமே மேல். யார் யாருக்கு மாமா என்று குழம்பாது.

செலவு: 2013-இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. அப்படியென்றால் ஒரு மாதச் சந்தா போதும்.

மர்மக் கதைக்கு வாராவாரம். நீளும் குடும்பக் கதைக்கு மொத்தம். முடிவை உளறும் நண்பர் இருந்தால், வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.