காற்றுக்கு அலைய வேண்டாத பிஸ்டல்

என் மைத்துனன் டெக்சாஸில் இருக்கிறான். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன், இப்போது சனிக்கிழமை தவறாமல் .22 பிஸ்டலோடு போய் குறி அட்டையைச் சுட்டுவிட்டு வருகிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் வீடியோ அழைப்பில் ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க் என்ற இரண்டு பிஸ்டலையும் மேசையில் வைத்துக் காட்டி, “எது அத்தான் நல்லது?” என்று கேட்டான். பந்தியில் உட்காராதவனிடம் பாயசத்துக்கு இனிப்புப் போதுமா என்று கேட்டதுபோல் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விதான் என்னை இழுத்துவிட்டது. கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு, கடன் வாங்காமல், பொழுதுபோக்காக அட்டையைச் சுட எந்த பிஸ்டல் சரிப்படும்? ஆறு மாதம் விசாரித்து, ஒன்றை வாங்கி, ஒன்றரை ஆண்டாகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். எனவே இது நடுநிலையான அலசல் இல்லை.

முதலில் .22. குழல் விட்டம் 0.22 அங்குலம், தோட்டா ரிம்ஃபயர் ரகம். ரிம்ஃபயர் என்றால் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கும். விசையின் ஊசி விளிம்பில் எங்கே அடித்தாலும் பற்றிக்கொள்ளும். செய்வதற்கு எளிது, அதனால் மலிவு. சுட்ட கூட்டில் திரும்ப மருந்து அடைத்துப் பயன்படுத்த முடியாது. உதைப்பு குறைவு. சென்னையில் உறவினர் ஒருவர் உறுப்பினராக இருக்கும் கிளப்பில் ஒரு மாலை ஐம்பது தோட்டா சுட்டிருக்கிறேன். என் .22 அனுபவம் முழுவதும் அவ்வளவுதான். கையில் அது துள்ளும் இதம் இன்றும் நினைவிருக்கிறது. மைத்துனனின் இரண்டில் எது உசத்தி என்று அவனே பிறகு சொன்னான்: 2016இல் வந்த மார்க் 4ஐ ஒரே பொத்தானை அழுத்திப் பிரித்துவிடலாம், அதற்கு முந்தைய மார்க் 3ஐப் பிரித்தால் மாட்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். .22 தோட்டா கரியும் ஈயமும் மெழுகும் பூசிவிட்டுப் போகிற ரகம். அடிக்கடி துடைக்க வேண்டியவனுக்கு அந்தப் பொத்தான் பெரிய விஷயம்.

நம் ஊரில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் ஐந்து ஆண்டு செல்லும். விண்ணப்பம், போலீஸ் விசாரணை, காத்திருப்பு எல்லாம் அனைவரும் அறிந்ததே. அறியாத ஒன்றை என் சித்தப்பா வழியாகத் தெரிந்துகொண்டேன். மலையடிவாரத்தில் வயல், பன்றித் தொல்லை, அதற்காக உரிமத்தோடு பழைய இரட்டைக்குழல் வைத்திருக்கிறார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். 2021இல் எங்கள் பக்கம் ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல், அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி. ஓராண்டுக்குள் மூன்று முறை தேர்தல் வந்தால், பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் பிஸ்டல் நம் வீட்டில் இருந்ததா, ஸ்டேஷனில் இருந்ததா?

அதோடு .22 குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் பறக்கும். முறையான ரேஞ்ச் (சுடுதளம்) இல்லாமல் அதை எடுக்கவே கூடாது. திருநெல்வேலிச் சீமையில் பிஸ்டல் என்றாலே பெரியவர்களுக்கு வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட மணியாச்சியும் 1911ஆம் வருஷமும்தான் ஞாபகம் வரும், நான் வாங்கப் போகிறேன் என்றதும் என் அம்மா, “யாரை?” என்று கேட்டாள்.

ஆகவே காற்றால் சுடும் ஏர் பிஸ்டல். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.க்கு மேற்படாமலும், வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அட்டை சுடும் ஏர் பிஸ்டலுக்கு 5 ஜூல் போதும். அரை கிராம் பெல்லட் (ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டு) நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் போனால் அவ்வளவுதான் வரும். .22 பிஸ்டலில் இது 100 ஜூலுக்குப் பக்கம்.

போட்டித் தூரமான 10 மீட்டர் இடத்துக்கு எங்கே போவது என்று நகரத்தார் கவலைப்படுவார்கள். அக்கிரகாரத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்கு அந்தக் கவலையே இல்லை. ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று ரயில் பெட்டிபோல் நேராக ஓடும் வீடு. கூடத்துத் தூணிலிருந்து இரண்டாம் கட்டுச் சுவர் வரை அளந்தால் பத்தரை மீட்டர். குறுக்கே திறக்கும் ஒரே கதவைச் சுடும் நேரத்தில் உள்ளிருந்து தாழிட்டுவிடுவேன். அட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்த இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் பழைய துணி திணித்த மரப்பெட்டி. அட்டை 17 செ.மீ. சதுரம், நடுவில் பத்து என்கிற வட்டம் 11.5 மி.மீ., ஒரு கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரியது. அட்டையைத் தவிர எதையும் சுடுவதில்லை. ஏர்கன் என்றால் கொக்கு சுடுகிறவன் என்ற கெட்ட பெயர் இந்தப் பக்கம் உண்டு. கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரை வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருப்பது அடுத்த விஷயம்.

ஏர் பிஸ்டலில் நான் பார்த்தவை நான்கு வகை. குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை மிக மலிவு. ஆனால் விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னே பாய்ந்து நின்று கையை இரு பக்கமும் உலுக்குகிறது. அதில் பழகினால் கெட்ட பழக்கம்தான் படியும். தள்ளிவிட்டேன்.

கரியமில வாயுக் குப்பியில் ஓடுவது பார்க்க நிஜத் துப்பாக்கிபோல் அழகாக இருக்கும். 12 கிராம் குப்பியைச் செருகி வரிசையாகச் சுடலாம். ஆனால் அந்த வாயுவின் அழுத்தம் வெயிலைப் பொறுத்தது. 20 டிகிரியில் 57 பார்; 31 டிகிரியில் 74 பாரை எட்டிவிடும், அதற்கு மேல் அது திரவமாகவே இருக்காது. இதை வடிவமைத்தவர்களின் ஊரில் 31 டிகிரி கோடை உச்சமாக இருக்கலாம். நமக்கு அது மார்கழி மத்தியானம். அக்கினி நட்சத்திரத்தில் காலையில் அடித்த இடத்தில் மத்தியானம் அடிக்காது. நண்பர் வீட்டில் இரண்டு குப்பி சுட்டுப் பார்த்ததோடு சரி. குளிர்சாதன அறை உள்ளவர்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

மிஞ்சியவை இரண்டு. நான் உண்மையில் அல்லாடியது இவற்றுக்கு நடுவில்தான்.

ஒன்று பிசிபி. பிஸ்டலோடு ஒட்டிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை அடைத்துவிட்டு, ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. ஒலிம்பிக்கில் எல்லோர் கையிலும் இதுதான். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதும் இந்த வகையில்தான். உதைப்பே இல்லை, விசை வெண்ணெய். மோரினி, ஸ்டேயர், வால்தர் எல்லாம் லட்சத்தைத் தாண்டும். உள்நாட்டில் செய்த பிசிபிகள் அதில் சிறு பங்கு விலைக்கு வருகின்றன. சேரன்மகாதேவியில் இருக்கும் என் நண்பர் (எனக்கு மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்) அப்படி ஒன்றை வாங்கினார். சுட்டுப் பார்த்தேன். துல்லியத்தில் அதற்குக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

குறை காற்றில். அந்த 200 பாரை யார் அடைப்பது? அண்ணாச்சியின் பக்கத்துவீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடு, “பஞ்சர் கடையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்றார். கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பத்துப் பார் அளவில் நின்றுவிடும். ஆகவே இதற்கென்றே செய்த கைப்பம்பு, அதுவும் பிஸ்டல் விலையில் பாதி. சைக்கிள் பம்பு மாதிரி நின்றுகொண்டு குத்த வேண்டும். நூறு பாரிலிருந்து இருநூறுக்கு ஏற்ற எண்பது, நூறு குத்து. கடைசி இருபது குத்துக்கு உடம்பின் முழு எடையையும் போட வேண்டும். நடுவில் பம்பு கொதிக்கும், ஆறவிட வேண்டும். குத்தி முடித்துக் கையில் பிஸ்டலை எடுத்தால் கை நடுங்குகிறது. அட்டை சுடுவதற்கு இதைவிட மோசமான முன்னேற்பாடு கிடையாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஈரத்தை முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று உப்பு ஜாடியைக் கேட்டால் தெரியும். அந்தக் காற்றை இருநூறு மடங்கு அமுக்கினால் தண்ணீர் பிரிந்து நிற்கும். பம்பில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டும், அல்லது வறுத்துக் காயவைக்க வேண்டும். அண்ணாச்சி ஒரு பருவம் மறந்துவிட்டார். காற்றை அளந்து விடும் ரெகுலேட்டருக்குள் துரு. ஒரு வெடி ஓங்கி, ஒரு வெடி தாழ்ந்து, அட்டையில் மேலும் கீழுமாகக் கோலம். பழுதுபார்க்கச் செய்தவர்களிடமே அனுப்ப வேண்டும் என்றார்கள். பார்சலில் என்ன என்று கொரியர்காரர் கேட்டார். இவர் உண்மையைச் சொன்னார். பார்சல் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டது. கடைசியில் ரயிலேறிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். அது வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் 2023 டிசம்பர் வெள்ளம். பிஸ்டல் பரண்மேல் இருந்தது, பிழைத்தது. பம்பு தரையில் நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆபத்தான விஷயம். பம்பு இறுகுகிறது என்று யாராவது தேங்காய் எண்ணெயோ சைக்கிள் எண்ணெயோ விடச் சொல்வார்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் வெடிக்கும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான்.

நான் வாங்கியது இரண்டாவது: ஒரே தள்ளலில் காற்றை அமுக்கும் வகை. அடியில் நீளமான லிவர். திறந்து மூடினால் ஒரு வெடிக்கான காற்று உள்ளே அமுங்கி நிற்கும். பெல்லட்டை வைத்துச் சுட வேண்டியதுதான். சிலிண்டர் இல்லை, ரெகுலேட்டர் இல்லை, பம்பு இல்லை. ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்று என்பதால் வேகம் மாறுவதும் குறைவு. காமோ காம்பாக்ட் மாதிரி சிறியவையும் உண்டு, அவற்றைக் கையில் பிடித்துப் பார்த்ததற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்தது ரஷ்யாவின் பைக்கால் இஜ்-46எம், போட்டிக்குச் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர் பிசிபிக்கு மாறியபோது விற்றது. மூக்கு நீண்ட, அழகில்லாத பொருள். மின்கம்பம் ஏறுகிறவர் இடுப்பில் செருகியிருக்கும் கருவிபோல் இருக்கும். ஆனால் விசையைப் போட்டி விதி கேட்கும் 500 கிராமுக்குத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். குறிபார்க்கும் பின் சைட்டின் திருகைத் திருப்பினால் திருப்பிய இடத்தில் நிற்கிறது.

இதற்கும் சிரமம் உண்டு. அறுபது வெடிக்கு அறுபது தள்ளல். முதல் மாதம் வலத்தோளில் தைலம் தேய்த்தேன். பாதியில் கைநழுவவிட்டால் லிவர் திரும்பி வந்து விரலைக் கடிக்கும். பன்னிரண்டு வயது மகளால் தள்ள முடியாது. நான் தள்ளிக் கொடுக்கிறேன், அவள் சுடுகிறாள், என்னைவிட நன்றாக. காற்றை அமுக்கி வைத்தபடி பெட்டியில் போட்டுவிடக் கூடாது, சீல் தளர்ந்துவிடும். ஒருமுறை நானே அதிபுத்திசாலித்தனமாகச் சைக்கிள் கடை கிரீஸைப் பூசி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை ஊறவைத்துப் பருக்கவைத்தேன். பெல்லட் அட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றது, துளைக்கவில்லை. வளையத்தை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைப் பக்கம் ஹைட்ராலிக் ஜாக்கி பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனேன். அவர் எந்த இயந்திரத்துக்கு என்றுகூடக் கேட்கவில்லை. டப்பாவைக் கிளறி, உள்விட்டத்தை அளந்து, ஒன்றை நீட்டினார். ஒரு டீ, ஒரு வடை விலை. அன்று சாயங்காலமே சுட்டேன். அண்ணாச்சியின் ரயில் பயணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வாங்கியது சரி என்று மனம் அமைந்தது. பத்து வருஷம் கழித்துப் பெரிய சீல் போனால் என்ன செய்வேன் என்பதற்கு இன்னும் விடை வைத்திருக்கவில்லை.

பந்தயத்துக்குப் போகிற பிள்ளைகள், பயிற்சியாளர் இருக்கிற, காற்று அடைத்துத் தருகிற இடத்தில் பழகுகிறவர்கள், பிசிபி வாங்குவதே முறை. 75 நிமிடத்தில் அறுபது வெடி என்கிற கணக்கில் லிவர் தள்ளிக்கொண்டிருக்க முடியாது என்றில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் தள்ளாமல் சுடும்போது நாம் தள்ளுவது வீண்.

விற்கிற காலம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் அண்ணாச்சி மூலமே பார்த்துவிட்டேன். பிசிபி சிலிண்டரில் செய்த தேதியைக் குத்தியிருப்பார்கள். பத்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாதே என்பது பெரிய கம்பெனிகள் பலவற்றின் கணக்கு. போட்டியில் அந்தத் தேதியைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி போன தை மாதம் தன்னுடையதை விற்றுவிடலாம் என்று படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார். நாலு பேரும் கேட்டது ஒரே கேள்வி: “சிலிண்டர் தேதி என்ன?” என் பிஸ்டலைக் கேட்டு இதுவரை இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் அண்ணாச்சி.