ரப்பர் பட்டையா, மணல் பையா? முதியோர் இல்லத்துக்கு எது தோது

இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை, கணுக்காலில் கட்டித் தூக்கும் மணல் பை: நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் வலுவைக் கூட்ட இரண்டும் உதவும். பட்டை எடையே இல்லாதது, எங்கும் கொண்டுபோகலாம். ஆனாலும் குமரி மாவட்டத்து இல்லங்களுக்கு என் ஓட்டு மணல் பைக்குத்தான். காரணம் எண்ணெய்.

முட்டுக்குத் தைலம் தேய்க்காத பாட்டாவை இங்கே பார்ப்பது அரிது. அந்தக் கையோடு பட்டையைப் பிடித்தால் எண்ணெய் ரப்பரில் ஊறி, அது உப்பி வலுவிழக்கும். வெயிலும் பட்டால் விளிம்பில் வெடிப்பு விடும். குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடித்த பட்டை இழுக்கும்போது அறுந்தால் கண்ணில் அடிக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி, ஒவ்வொரு முறையும் நீட்டிப் பார்த்து வைத்தால் தாங்கும். ஆள் பற்றாக்குறை உள்ள இல்லத்தில் இது யாரால் ஆகும்?

பைக்குத் தடித்த ஜீன்ஸ் துணி, இரட்டைத் தையல், உள்ளே பிளாஸ்டிக் உறை. கழுவிக் காயவைத்த எம்-சாண்ட் அரை கிலோ. கடற்கரை மணல் வேண்டாம்: உப்பு ஈரம் பிடித்துத் துணி மக்கும், மணவாளக்குறிச்சி கருமணலில் கதிரியக்கமுள்ள மோனசைட்டும் உண்டு. பையைக் கட்டும் வெல்க்ரோவில் நூல் சேர்ந்து பிடி விட்டால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள்.

நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும். சாக்ஸுக்கு மேல் பையைக் கட்டி, மூச்சை விட்டபடி 3 எண்ணும் நேரத்தில் காலை நீட்டி, அதே நிதானத்தில் இறக்க வேண்டும். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும். 10 முறை, 2 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். 12 முறை சிரமமில்லாமல் வந்தால் கால் கிலோ கூட்டலாம். காலில் சர்க்கரைப் புண்ணோ வீக்கமோ இருந்தால் பை கட்டக் கூடாது.

எடை கூட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், இல்லத்தில் வாழ்ந்த 90 வயதையொட்டிய முதியோர் 8 வாரம் எடை தூக்கினார்கள். முடித்த 9 பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. பட்டையில் எவ்வளவு இழுத்தோம் என்பது நீட்டத்துக்கு நீட்டம் மாறும். பையைத் தராசில் வைத்தே பார்க்கலாம். "ஒண்ணரைக் கிலோ தூக்குறேன்" என்று மகனிடம் போனில் சொல்ல ஒரு கணக்கு கிடைக்கிறதே, மனசுக்கு அதுவும் மருந்துதான்.

முதுகுக்கும் தோளுக்கும் மட்டும் பட்டைக்கு ஈடில்லை; உட்கார்ந்து பின்னோக்கி இழுப்பதைப் பையால் செய்ய முடியாது. அதற்கு 2 பட்டைகளை டப்பாவில் மூடி வையுங்கள், தைலம் தேய்க்கும் முன்பே பயிற்சியை முடித்துவிடுங்கள்.