போர்முனைச் செய்தி: நிறுவன நிருபரா, சுயாதீன நிருபரா?

பாதுகாப்பு: நிறுவன நிருபருக்குக் காப்பீடு, குண்டு துளைக்காத உடை, ஆபத்தில் மீட்பு எல்லாம் அலுவலகத்தின் பொறுப்பு. எந்த நிறுவனத்திலும் சேராமல் செய்தியை விற்றுப் பிழைக்கும் சுயாதீன நிருபர் அத்தனையையும் தானே தேட வேண்டும். 2012இல் சிரியாவில் கடத்தப்பட்டு 2014இல் கொல்லப்பட்ட அமெரிக்கர் ஜேம்ஸ் ஃபோலி சுயாதீன நிருபர்தான். அதன்பின், தன் ஊழியர்களை அனுப்பாத இடங்களுக்குப் போகும் சுயாதீன நிருபர்களிடம் செய்தி வாங்கமாட்டோம் என்றது பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பி. சரியான முடிவு, வாங்க ஆள் இருந்தால் இளைஞர்கள் கிளம்பிவிடுவார்கள்.

வருமானம்: நிறுவனத்தில் மாதச் சம்பளம். சுயாதீனத்தில் விற்றால்தான் காசு; உள்ளூர் வழிகாட்டி, வண்டிச் செலவும் நம் தலையில்.

சுதந்திரம்: உலகம் மறந்த போரிலும் தங்கி எழுதலாம். இதில் சுயாதீனமே மேல்.

குடும்பம் உங்களை நம்பியிருந்தால் நிறுவனம். அந்த ஊர் மொழி தெரிந்து, மாதக்கணக்கில் தங்க முடிந்தால் சுயாதீனம். அதுவும் ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவியைக் கற்ற பிறகு மட்டும்.