எட்டு வருடம் எஸ்பிஎஸ்எஸ், எட்டு வருடம் ஆர்

கட்டுரையை அனுப்பிப் பதினான்கு மாதம் கழித்து மதிப்பாய்வாளரிடமிருந்து பதில் வந்தது. கேட்டது சின்ன விஷயம்தான்: அறுபது வயதைத் தாண்டியவர்களை விட்டுவிட்டு அதே கணக்கை மறுபடி போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேர வேலை என்று நினைத்து, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் இருந்த பழைய ஃபைலைத் திறந்தேன். வயதை வடிகட்டுவதற்கு முன் எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே என்று 300 பேருக்கும் சேர்த்து ஆல்ஃபாவை ஓட்டினேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது, 1-ஐ நெருங்கினால் நல்லது. கட்டுரையில் 0.81 என்று எழுதியிருந்தேன். திரையில் 0.43.

இரண்டு நாள் தூக்கம் போனது. பரணில் கிடந்த வினாத்தாள் கட்டை இறக்கி, முதல் பத்து தாளை ஃபைலோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் எடுத்த ஆய்வு அது. பன்னிரண்டு கேள்விகளில் நான்கு எதிர்மறையானவை, ‘குழுவில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை’ என்கிற மாதிரி. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 1 என்றால் 5, 5 என்றால் 1. மெனுவில் ரீகோட் என்று போனால் இரண்டு வழி காட்டும். அதே மாறியிலேயே (ஒரு கேள்வியின் பதில்கள் நிற்கும் நெடுவரிசை) மாற்றலாம், அல்லது புது மாறியாக எழுதலாம். நான் சோம்பேறித்தனமாக முதல் வழியில் போயிருக்கிறேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கட்டுரையை அனுப்பியதற்கு அப்புறம் எப்போதோ, திருப்பினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் திருப்பிச் சேமித்திருக்கிறேன். சட்டையை இரண்டு முறை உள்வெளியாகத் திருப்பினால் என்ன ஆகும், அதே கதை. கட்டுரையில் இருந்த எண் சரி, ஃபைல்தான் தப்பு. ஆனால் அதை நிரூபிக்கப் பரணில் இருந்த காகிதம் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

அது 2017. அந்த வாரம்தான், மெனுவுக்குப் பதில் கட்டளைகளை எழுதி ஓட்டும் ஆர் என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

எஸ்பிஎஸ்எஸ்ஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2009-இல் நான் ஆய்வில் சேர்ந்தபோது எங்கள் துறையில் புள்ளியியல் என்றாலே அதுதான். ஐபிஎம் அந்த நிறுவனத்தை வாங்கியதும் அதே வருடம்தான். இடையில் கொஞ்ச காலம் பிஏஎஸ்டபிள்யூ என்று பெயர் மாறி, மறுபடி பழைய பெயருக்கே திரும்பியது. 1968-லிருந்து இருக்கிற மென்பொருள். சமூக அறிவியல்காரர்களுக்கென்றே செய்யப்பட்டது என்பது தொட்ட இடமெல்லாம் தெரியும். வேரியபிள் வியூ என்ற அந்த ஒரு பக்கத்துக்கு ஈடாக ஆரில் இன்றுவரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கேள்வியின் முழு வாசகம், 1 என்றால் ‘ஆம்’, 2 என்றால் ‘இல்லை’, 99 என்றால் ‘பதில் இல்லை’ எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

அந்த 99-ஐச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. பதில் சொல்லாத எட்டுப் பேருக்கு 99 என்று போட்டுவிட்டு, மிஸ்ஸிங் என்ற கட்டத்தில் அதைக் குறிக்க மறந்துவிட்டேன். பிள்ளைகள் எண்ணிக்கையின் சராசரி 4.7 என்று வந்தது. அட்டவணையை அழகாக வடிவமைத்து கைடிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் மேலே நிமிரக்கூட இல்லை. “இந்தக் காலத்துல எந்த ஊர்லம்மா ஆளுக்கு அஞ்சு பிள்ளை?” என்றார். திருத்திப் போட்டால் 2.1. கணக்கு தப்பில்லை, மென்பொருளும் தப்பில்லை. எட்டு 99-ஐயும் அது நம்பிக்கையோடு கூட்டி வகுத்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு பெட்டியிலும் ஓகே பொத்தானுக்குப் பக்கத்திலேயே பேஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நாம் கேட்ட வேலை கட்டளை வரிகளாக ஒரு ஃபைலில் எழுதப்படும். எட்டு வருடம் அது என்னவென்று நான் அழுத்திப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் பரண் ஏறும் வேலையே வந்திருக்காது, ஆருக்கும் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

சரி, ஆர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கியது, 1.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. காசு கிடையாது. முதல் மூன்று மாதம் நரகம். கமா ஒன்று விட்டுப்போனால் சிவப்பில் திட்டும், அந்தத் திட்டும் புரியாது. ஆரை எழுதி ஓட்ட வசதி செய்து தரும் ஆர்ஸ்டுடியோ என்ற மென்பொருள் இல்லாமல் இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

பழகிப் பார்ப்போம் என்று ஏற்கெனவே எஸ்பிஎஸ்எஸ்ஸில் போட்ட ஒரு டி-டெஸ்டை, அதாவது இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் சோதனையை, ஆரில் போட்டேன். விடை வேறு! இரண்டு குழுவிலும் சேர்த்து 300 பேர் என்றால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்ற எண் இரண்டு குறைந்து 298 வர வேண்டும், இங்கே 271.6 என்று தசமத்தில் நிற்கிறது. ஆருக்குக் கணக்கு வரவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆர் தானாகப் போடுவது வெல்ச் முறை. இரண்டு குழுவின் பரவலும் சமம் என்று அது எடுத்துக்கொள்வதில்லை. எஸ்பிஎஸ்எஸ்ஸும் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, அட்டவணையின் இரண்டாவது வரியில். முதல் வரியை மட்டும் படித்து எழுதிப் பழகியிருந்தது நாங்கள். இரண்டு வகைப்பாடுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயரிலும் இதே மாதிரி: இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர், விடையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் யேட்ஸ் திருத்தத்தைப் போட்டுத்தான் தரும், வேண்டாமென்றால் நாம் சொல்ல வேண்டும். இரண்டு காரணிகளைச் சேர்த்து வைத்துச் சராசரிகளை ஒப்பிடும் இருவழி அனோவாவில், குழுக்களில் ஆட்களின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். காரணிகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஆரின் விடை மாறும், எஸ்பிஎஸ்எஸ்ஸில் மாறாது. எனக்குப் புள்ளியியல் உண்மையில் புரிய ஆரம்பித்தது, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று குடைந்த அந்த மாதங்களில்தான்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. எங்கள் வினாத்தாளில் திறந்த கேள்விகளுக்குப் பதில் தமிழில் இருக்கும். விண்டோஸ் கணினியில் ஆரில் அதைத் திறந்தால் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் கோண அடைப்புக்குள் யூ, கூட்டல் குறி, பூஜ்யம், பி, எட்டு, ஐந்து என்று நிற்கும். ஒரு வரி பதில் அரைப் பக்கத்துக்கு நீளும். 2022-இல் 4.2 பதிப்பு வந்த பிறகுதான் விண்டோஸிலும் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டு முறை இயல்பாகி இந்தத் தொல்லை தீர்ந்தது. வரைபடத்தில் தலைவலி வேறு மாதிரி. தலைப்பில் ‘கொடைக்கானல்’ என்று கொடுத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ராக் என்ற பேக்கேஜ் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) வழியாகப் படத்தைச் சேமித்தால் எழுத்து ஒழுங்காக வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது.

உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு வருவதற்கான நிகழ்தகவைச் சொல்வது பி மதிப்பு. அதில் இரண்டு மென்பொருளும் மாணவர்களைப் படுத்துகின்றன. எஸ்பிஎஸ்எஸ் பழைய பதிப்புகள் .000 என்று காட்டும். பிள்ளைகள் அதை ‘பூஜ்யம்’ என்றே தீசிஸில் எழுதிவிடுவார்கள். 0.001-க்கும் குறைவு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆரில் 2.2-க்குப் பின்னால் ஒரு இ போட்டு மைனஸ் 16 என்று வரும். அதாவது தசமப் புள்ளிக்கு அப்புறம் பதினைந்து பூஜ்யம். ஒரு மாணவர் பின்பாதியை விட்டுவிட்டு, பி = 2.2 என்று எழுதிக்கொண்டு வந்தார். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டிய முதல் ஆய்வு அதுவாகத்தான் இருக்கும்.

ஆரிலும் எல்லாம் சுகமில்லை. பதிப்பு மாறினால் பழைய ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணும். 2020-இல் 4.0 வந்தபோது, எழுத்துத் தரவைத் தானாக ஃபேக்டராக, அதாவது வகைகளாக, மாற்றும் பழக்கத்தை அது விட்டுவிட்டது. நல்ல முடிவுதான், ஆனால் அதை நம்பி நான் எழுதியிருந்த மூன்று ஸ்கிரிப்ட் படுத்துவிட்டன. இப்போதெல்லாம் எந்தப் பதிப்பு, எந்தெந்தப் பேக்கேஜ் என்று ஸ்கிரிப்டின் கடைசியில் எழுதி வைக்கிறேன். மூல ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுவேன், நானே நினைத்தாலும் இரண்டாம் தடவை திருப்ப முடியாதபடி.

என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தீசிஸ் முடிக்க வேண்டியவர்கள். அவர்களை ஆருக்குத் தள்ளுவதில்லை. ஜமோவி போடுங்கள் என்கிறேன். இலவசம், உள்ளே ஓடுவது ஆர், வெளியே மெனு. தரவு, செய்த பகுப்பாய்வு, முடிவு மூன்றும் ஒரே ஃபைலில் சேர்ந்தே இருக்கும். மதிப்பெண்ணைத் திருப்பினால் புது மாறியாக வரும், பழையது அப்படியே நிற்கும். எனக்கு அது ஒன்றே போதும். ஏற்கெனவே எஸ்பிஎஸ்எஸ் ஃபைலாக வைத்திருந்து, கல்லூரி உரிமம் காலாவதியாகித் திண்டாடுகிறவர்களுக்கு, எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே செய்த இலவச மென்பொருள் பிஎஸ்பிபி இருக்கிறது. முகம் கொஞ்சம் பழசு, ஆனால் ஃபைல் திறக்கும். எங்கள் ஆய்வகத்தில் உரிமம் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு கணினியில் மட்டும் ஐகான் இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேரும் யாராவது ஆசையாக இரட்டைக் கிளிக் செய்துவிட்டு என் மேசைக்கு வருவார்கள்.